குரங்கு மனிதன் உண்டா?

சில நாட்களுக்கு முன் செங்கம் பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள டீக்கடையில் நாம் உட்கார்ந்திருந்தபோது, ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர், காட்டில் குரங்கு மனிதன் உலாவுவதாக ஒரு சங்கதி சொன்னார். உடம்பெல்லாம் மயிராம், இரண்டு காலில் நடக்குமாம், ஆளைக் கண்டால் சீறிவிட்டுப் புதருக்குள் மறையுமாம், அது பழங்காலத்து வாலியர் குலத்தில் மிச்சமாய் நின்றதாம். "நீங்கள் கண்ணால் கண்டீர்களா?" என்று கேட்டோம். "நான் காணவில்லை, என் மைத்துனனுக்குத் தெரிந்தவன் கண்டான்" என்றார். அந்த மைத்துனனைக் கேட்டிருந்தால், அவனும் வேறொரு மைத்துனனைக் காட்டியிருப்பான் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பேயைப் பற்றியும் முனியைப் பற்றியும் இதுவரை நமக்குச் சொல்லப்பட்ட கதைகள் எல்லாம் இப்படி மைத்துனன் வழியாகவே வந்திருக்கின்றன.

பக்கத்திலிருந்த வாலிபத் தோழர் ஒருவர் நம்மை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, "மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று நீங்கள்தானே மேடைதோறும் பேசுகிறீர்கள்? அப்படியானால் பாதி வழியில் நின்றுபோன ஒன்று காட்டில் இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்குச் சிரித்துவிட்டுப் போவது பகுத்தறிவாகாது. "இல்லை" என்று ஒரே வார்த்தையில் அடித்துச் சொல்லுவதும் பகுத்தறிவாகாது. ஆகவே விஷயத்தை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, வாலியர் யார்? ஜவ்வாது மலையில் கீழ்செப்பிளி பக்கத்திலும் வேறு சில இடங்களிலும் பாறைகளின்மேல் கல்வீடுகள் இருக்கின்றன. பெரிய பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரு பாரிய கல்லை மூடியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. இதைப் பார்த்தவர்கள், "இவ்வளவு சிறிய வீட்டில் யார் குடியிருந்திருப்பார்கள்? நம்மைப் போன்ற மனிதர் இருந்திருக்க முடியாது, ஆகவே குள்ளர் இருந்திருக்க வேண்டும்" என்று முடிவு கட்டிக் குள்ளர் குகை என்றும், வாலியர் வீடு என்றும் பெயரிட்டார்கள். வாலி என்று பெயர் வந்துவிட்ட பிறகு வாலை ஒட்டவைக்கச் சொல்லித்தர வேண்டுமா? இராமாயணம் கையில் இருக்கவே இருக்கிறது.

உண்மை என்ன? அவை வீடுகளே அல்ல. 2000 ஆண்டுகளுக்கும் முன் நமது நாட்டில் இரும்பை உருக்கி ஆண்ட மக்கள் செத்தவர்களுக்காக எழுப்பிய நினைவுக் கட்டடங்கள். கல்திட்டை என்று இவற்றுக்குப் பெயர். தென்னாட்டில் பற்பல இடங்களில் இத்தகைய ஈமச் சின்னங்களைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கிடைத்தவை எலும்புத் துண்டுகள், மட்பாண்டங்கள், இரும்புக் கருவிகள். எலும்பு நம்முடைய எலும்பு. பாண்டம் நம் குயவன் செய்த பாண்டம். வாலெலும்பு ஒன்றுகூட இல்லை. செத்தவனுக்குக் கட்டிய வீட்டில் அவன் நிமிர்ந்து நிற்க இடம் எதற்கு? இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒரு குலமே பிறந்துவிட்டது.

இந்த வேடிக்கை நமது மலையோடு நிற்கவில்லை. இதே மாதிரியான கற்குழிகளை வேறு ஊர்களில் பாண்டவர் குழி என்பார்கள். வனவாசத்தில் பாண்டவர் ஒளிந்திருந்தார்களாம். மரத்தை வேரோடு பிடுங்கும் பீமன் மூன்றடி உயரக் குழிக்குள் எப்படிப் புகுந்தான் என்று கேட்பாரில்லை. பெரிய பெரிய முதுமக்கள் தாழிகளைக் கண்ட ஊர்களிலோ, அந்தக் காலத்தில் மனிதருக்குச் சாவே கிடையாது என்றும், கிழவர்கள் வயது ஏற ஏறச் சுருங்கிக் குழந்தை அளவானதால் தாழிக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள் என்றும் கதை. திருநெல்வேலிச் சீமையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அந்தத் தாழிகளைத் தோண்டினார். உள்ளே இருந்தவை சுருங்கிய கிழவர்களல்ல; சாதாரண மனிதரின் மண்டையோடுகளும், வெண்கலப் பொருள்களும், நெற்றியில் கட்டும் பொன் பட்டங்களுமே. ஒரே வழக்கத்தில் எழுந்த கல்லுக்கும் தாழிக்கும் ஓரிடத்தில் ராட்சதன், ஓரிடத்தில் குள்ளன், ஓரிடத்தில் சாகாக் கிழவன். மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னால் எந்தக் கோர்ட்டும் மூன்றையும் தள்ளிவிடும். புராணக் கோர்ட்டு மட்டுமே மூன்றையும் சேர்த்துக்கொள்ளும்.

இது பாமர ஜனங்களின் அறியாமை என்று யாரும் இளக்காரம் பேச வேண்டாம். மெத்தப் படித்த வெள்ளைக்காரரும் இதில் நம்மைத் தோற்கடித்திருக்கிறார்கள். 1921-ல் எவரெஸ்ட் சிகரத்துக்கு வழி காணப் போன கூட்டத்தின் தலைவர் ஹோவர்டு பரி, பனியில் சில அடித் தடங்களைக் கண்டார். ஓநாயின் தடமாயிருக்கலாம் என்று அவர் நினைத்தார். மூட்டை சுமந்தவர்களோ அதற்கு வேறு பேர் சொன்னார்கள். கல்கத்தாப் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்தப் பேரைத் தவறாக மொழிபெயர்த்து "அருவருப்பான பனி மனிதன்" என்று எழுதினார். அவ்வளவுதான்! ஒரு மொழிபெயர்ப்புப் பிழைக்குக் கால் முளைத்து உலகமெல்லாம் நடந்தது. 1951-ல் எரிக் ஷிப்டன் என்ற மலையேறி ஒரு தடத்தைப் படம் பிடித்துவந்தார். பணக்காரர்கள் பணத்தைக் கொட்டித் தேடும் கூட்டங்களை அனுப்பினார்கள்.

கும்ஜுங் என்ற ஊரின் மடத்தில் பனி மனிதனுடைய மண்டைத்தோல் என்று ஒன்றை வைத்துப் பூஜித்து வந்தார்கள். எவரெஸ்டில் ஏறிய எட்மண்டு ஹிலாரி 1960-ல் அதை இரவல் வாங்கி மேல்நாட்டு நிபுணர்களிடம் காட்டினார். அது ஒருவகை மலையாட்டின் தோலை வளைத்துச் செய்தது என்று முடிந்தது. 2017-ல் ஷார்லட் லிண்ட்குவிஸ்ட் என்ற அம்மையாரும் அவர் கூட்டத்தாரும், பனி மனிதனுடையவை என்று மடங்களிலும் காட்சிச் சாலைகளிலும் இருந்த எலும்பு, தோல், பல், மயிர் முதலிய ஒன்பதை எடுத்து, உயிரணுவிலுள்ள மரபுப் பொருளைச் சோதித்தார்கள். எட்டு கரடியுடையவை. ஒன்று நாயுடையது. இத்தனைக்கும் பிறகு, 2019-ல் நமது இந்திய ராணுவமே, மகாலு மலையடிவாரத்தில் 32 அங்குல நீளமுள்ள பனி மனிதனின் தடங்களைக் கண்டதாக உலகுக்கு அறிவித்தது! அது காட்டுக் கரடியின் தடம் என்று நேபாளத்தாரே சொன்னார்கள். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் போதாது, கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா?

அமெரிக்காவில் இதன் பேர் பெரும் பாதன். 1958-ல் கலிபோர்னியாவில் ரோடு போட்ட இடத்தில் பிரம்மாண்டமான தடங்கள் தோன்றிப் பத்திரிகைகள் அமளிப்பட்டன. அந்த வேலையின் கான்டிராக்டர் ரே வாலஸ் 2002-ல் செத்த பிறகு, அவர் வீட்டார் மரத்தில் செதுக்கிய பெரிய பாதங்களை எடுத்துக் காட்டி, "இதுதான் எங்கள் அப்பாவின் விளையாட்டு" என்றார்கள். அதற்கப்புறமும் நம்புகிறவர்கள் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2001 மே மாதத்தில் நமது டில்லிப் பட்டணத்திலேயே குரங்கு மனிதன் இரவில் வந்து பிராண்டுகிறான் என்று பீதி பரவி, போலீசார் ஆள் அடையாளப் படம்கூட வெளியிட்டார்கள். பயத்தில் மாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. பிடிபட்ட குரங்கு மனிதன்தான் ஒருவனுமில்லை. வதந்தி காட்டில் மட்டும் வளரும் செடியல்ல, தலைநகரத்துச் சிமெண்டுத் தரையிலும் வளரும் என்பதை மறக்க வேண்டாம்.

நிற்க. இனி நமது வாலிபத் தோழரின் கேள்விக்கு வருவோம். மனிதன் இன்றுள்ள குரங்கிலிருந்து பிறந்தான் என்று டார்வின் சொல்லவேயில்லை. 1871-ல் மனிதனின் தோற்றத்தைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தின் சாரம், மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் ஆதியில் பொதுவான முன்னோர் இருந்தார்கள் என்பதாகும். சிம்பன்சி நமக்குப் பாட்டனல்ல, பங்காளி. அந்தப் பங்குப் பிரிவினை நடந்து சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பங்காளி வீட்டார் அவர்கள் வழியில் போனார்கள், நாம் நமது வழியில் வந்தோம். ஆகவே பாதி வழியில் நின்றுபோன மனிதன் என்று ஒருவனைத் தேடுவதே பிசகு. நமது ஊர் மந்தியும் பாதியில் நின்றுபோனதல்ல. அது மந்தியாக இருப்பதில் பூர்த்தியானது.

ஆனால் நம்மைத் தவிர வேறு வகை மனிதர் உலகில் இருந்ததே இல்லையா என்றால், இருந்தார்கள். ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதர் இருந்தார்கள். இந்தோனேசியாவில் புளோரஸ் தீவின் குகையொன்றில் 2003-ல் தோண்டியபோது மூன்றரை அடி உயரமுள்ள குள்ள மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. அவர்கள் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் வரையில் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1935-ல் கோனிக்ஸ்வால்டு என்ற ஆராய்ச்சிக்காரர் ஹாங்காங்கில் ஒரு மருந்துக் கடையில், டிராகன் பல் என்று சொல்லி விற்ற சரக்கில், இராட்சதக் குரங்கொன்றின் கடைவாய்ப் பல்லைக் கண்டுபிடித்தார். அந்தக் குரங்கும் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே பூண்டற்றுப் போயிற்று. கொரில்லாவைக்கூட மேல்நாட்டார் ஒரு காலத்தில் கட்டுக்கதை என்றார்கள். 1847-ல் அதன் மண்டையோடு கிடைத்ததும் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

இந்த நாலு சங்கதியிலும் உள்ள பொதுவான அம்சத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எலும்பு வந்தது, பல் வந்தது, மண்டையோடு வந்தது. வந்த உடனே விஞ்ஞானம் தன் பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. நாமும் அப்படியே. குரங்கு மனிதன் இருப்பதில் நமக்கு ஒரு விரோதமுமில்லை. இருந்தால் நாளைக்கே மாலை போட்டு வரவேற்கத் தயார். ஆனால் எலும்பு ஒன்றைக் கொண்டுவா என்கிறோம். பல் ஒன்றைக் கொண்டுவா என்கிறோம். இதைக் கேட்டால் மட்டும் கதை சொல்லுகிறவனுக்குக் கோபம் வருகிறது. கடவுளைக் காட்டு என்றபோது வருமே, அதே கோபம்.

அன்றியும், ஒரு பிராணி ஒண்டியாக ஆயிரம் ஆண்டு உயிரோடு இருக்க முடியாது. அதற்குத் தாய் வேண்டும், தகப்பன் வேண்டும், துணை வேண்டும், குட்டி வேண்டும். குலம் அற்றுப்போகாமல் இருக்க நூற்றுக்கணக்கில் இருந்தாக வேண்டும். அவை தின்ன வேண்டும், சாண மிட வேண்டும், சாக வேண்டும். 2018-ல் இந்தியாவில் புலிக் கணக்கு எடுத்தபோது 26,838 இடங்களில் தானாகப் படமெடுக்கும் காமிராக்களைக் கட்டி வைத்தார்கள். விழுந்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். அவற்றில் புலி விழுந்தது, சிறுத்தை விழுந்தது, இன்னும் எத்தனையோ காட்டு ஜீவன்கள் விழுந்தன. குரங்கு மனிதன் ஒரு படத்திலும் விழவில்லை. அவன் காமிராவுக்கு அஞ்சுகிறான் போலும்!

பின்னே, மலையிலுள்ளவர்கள் கண்டதாகச் சொல்லுவதெல்லாம் பொய்யா? அப்படி நாம் சொல்லமாட்டோம். பெரும்பாலும் அவர்கள் ஏதோ ஒன்றைக் கண்டிருப்பார்கள். நமது கரடியைப் பாருங்கள். கரிய சடை மயிர்; புற்றைக் கிளறும்; தேனுக்கு மரமேறும்; திடுக்கிட்டால் பின்னங்காலில் எழுந்து நிற்கும். அதன் பின்னங்கால் தடம் மனிதனுடைய பாதத்தைப் போலவே ஐந்து விரலோடு பதியும். முன்னங்கால் தடத்தின்மேல் பின்னங்கால் தடம் ஏறிப் பதிந்தால், ஒரே நீளமான பாதம் போலத் தோன்றும். ஈர மண்ணோ பனியோ இளகினால் இன்னும் பெரிதாகும். மாலை மங்கிய வேளையில், தனியே வருகிறவன் எதிரில் அது எழுந்து நின்றால், அவன் நின்று நிதானித்துப் பார்ப்பானா? பயந்தவன் கண்ணுக்கு மிச்சத்தை, பாட்டி சொன்ன கதை பூர்த்தி செய்துவிடும்.

தேவாங்கு என்ற சிறு பிராணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாலில்லை, மெலிந்த கைகால், இருட்டில் பளபளக்கும் பெரிய கண்கள். இதன்மேல் நமது மக்கள் கட்டிவைத்த கதைகளினால் மந்திரத்துக்கும் மருந்துக்குமென்று இதைப் பிடித்து வதைத்தார்கள். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டை இதற்கென்று சரணாலயமாக்க வேண்டியதாயிற்று. இல்லாத குரங்கு மனிதனுக்குப் பயந்து, இருக்கிற பாவப்பட்ட ஜீவனைக் கொல்லுவதுதான் மூடநம்பிக்கை தரும் பலன்.

நமது முன்னோரின் சாட்சியத்தையும் கேட்போம். செங்கம்தான் பழைய செங்கண்மா. அதை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடி கொண்டது. மலை வழியே போகிற கூத்தருக்கு எங்கே பன்றிப் பொறி இருக்கும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே பாசி வழுக்கும், எங்கே யானைக்கு எறியும் கவண்கல் வந்து விழும் என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கை சொல்லுகிறது. வாலியனைக் கண்டால் ஓடு என்ற எச்சரிக்கை அதில் இல்லை. செங்கத்துப் பக்கத்து நடுகற்களை 1972-ல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் இலாகா புத்தகமாகவே வெளியிட்டது. ஆநிரை மீட்கச் செத்த வீரர்களின் பெயர்களை அக்கற்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, தன் எஜமானனோடு நின்று இரண்டு கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லி, உருவமும் செதுக்கி வைத்திருக்கிறது. ஒரு நாயின் விசுவாசத்தைக்கூட மறக்காமல் கல்லில் எழுதின மக்கள், பக்கத்து மலையில் வாலுள்ள மனிதர் கூட்டமொன்று இருந்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்களா?

"சரி, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நம்பிவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் உண்டு, தோழர்களே! அதைச் சொல்லவே இதை எழுதினோம்.

காட்டில் பாதி மனிதன் இருக்கிறான் என்று சொல்லுகிற வாய், காட்டில் இருப்பவன் பாதி மனிதன் என்று சொல்ல வெகுநேரம் ஆகாது. இலங்கையில் நிட்டேவோ என்ற மயிர் மூடிய குள்ளர் இருந்ததாகவும், அவர்களை வேடர்கள் குகையில் அடைத்து மூன்று நாள் புகை போட்டுக் கொன்றுவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. எலும்பு கிடைக்கவில்லை. ஒருவேளை அப்படிச் செத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் மனிதராய் இருந்து, கொன்ற பிறகு கதையில் குரங்காக்கப்பட்டிருக்க மாட்டார்களா என்பதே நமது சந்தேகம். இராமாயணம் செய்தது என்ன? தென்னாட்டில் அரசு நடத்தி, அண்ணன் தம்பி பாத்தியதை பேசி, பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தவர்களைக் குரங்கு என்றும் கரடி என்றும் எழுதிவைத்தது. வாலியை மரத்தின் மறைவில் நின்று கொன்றது நியாயமா என்று கேட்டதற்கு, நீ மிருகம்தானே, மிருகத்தை மறைந்திருந்து கொல்லலாம் என்பதுதானே அங்கே சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று? வால் ஒட்டவைப்பதன் உபயோகம் இப்போது தெரிகிறதா? ஒருவனை மனிதன் இல்லை என்று ஆக்கிவிட்டால் அவனைக் கொல்லச் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலையூர்களைச் சேர்ந்த கூலிகள். மரத்தை வாங்கி விற்றுக் கொழுக்கிறவன் காட்டுக்குள் வருவதில்லை, அவன்மேல் குண்டும் படுவதில்லை. சாமை விதைத்து, புளி உலுக்கி, தேன் எடுத்து வயிறு கழுவுகிற மலையாளி மக்களின் உயிரே அவ்வளவு மலிவாகப் போயிற்று. கீழ்நாட்டிலிருந்து மலைக்குப் போகும் நம்மில் எத்தனை பேர் அவர்களை வேடிக்கை பார்க்கப் போகிறோம், எத்தனை பேர் அவர்கள் திண்ணையில் சரிசமமாய் உட்காரப் போகிறோம்? வாலியரைத் தேடும் கண்ணுக்கு, பிரசவ வலியில் கிடக்கும் மலைக்காரப் பெண் படுமா? ஆஸ்பத்திரி தூரம் படுமா? பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் குழந்தையின் கால் படுமா?

அதே ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் அகலமுள்ள பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியை வைத்து வானத்து நட்சத்திரங்களை ஆராய்ந்து வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்திலுள்ளதை ஆதாரத்தோடு அறிகிற மலை அது. அதன் அடிவாரத்தில் இருக்கும் நாம், பத்துக் கல் தொலைவிலுள்ளதை மைத்துனன் பேச்சை வைத்து அறிவதா?

ஆகவே தோழர்களே! அடுத்த முறை யாராவது உங்களிடம் குரங்கு மனிதன் கதை சொன்னால் சண்டை போடவேண்டாம். கண்டது யார், எப்போது, எவ்வளவு வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில், தடம் எங்கே, மயிர் எங்கே, எலும்பு எங்கே என்று வரிசையாகக் கேளுங்கள். பரமனந்தல் வழியாக ஒரு நாள் மலைக்குப் போய்க் கல்திட்டைகளையும் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அவற்றைப் புதையலென்று உடைப்பவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். அவை நமது பாட்டன் பாட்டிக்கு எழுப்பிய கற்கள். அங்கே குடியிருக்கும் மக்களோடு உட்கார்ந்து ஒரு வேளை சாமைச் சோறு தின்றுவிட்டு வாருங்கள். காட்டில் நீங்கள் காணப் போவது முழு மனிதனைத்தான். அவனை முழு மனிதனாக நடத்த நமக்கு மனம் வருகிறதா என்பதே இப்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.